ஜாடியில் துருப்பிடிக்காத கத்தி

கர்கனா தீவின் க்ராத்தன் துறையில் ஃபெர்ஜானியின் கடைக்குள் நுழைகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது கயிற்றுச் சுருளும் அல்ல, தூண்டில் முள்ளும் அல்ல. மேசைமேல் நிற்கும் கண்ணாடி ஜாடி. அதில் முக்கால் பங்கு கடல்நீர். நீருக்குள் நூலில் கட்டித் தொங்கும் ஒரு மடக்குக் கத்தி. அதன் அலகு மசி தோய்த்தது போன்ற கறுப்பு. ஜாடியின் கழுத்தில் ஓர் அட்டை: ‘ஏப்ரல் முதல் கடல்நீரில் கிடக்கிறது. ஒரு பொட்டுத் துரு இல்லை. – ஃபெர்ஜானி.’

அந்தக் கடைசிச் சொல்லுக்காகத்தான் கத்திகள் விற்றன. பெட்டியிலும் வாசகங்களுக்குக் குறைவில்லை. அலைமேல் நிமிர்ந்து நிற்கும் கத்தியின் படம், அதற்குக் கீழே தங்க எழுத்தில் ‘உப்பை வென்ற பூச்சு’. ஆனால் பெட்டியில் இருப்பதை நம்பிப் பொருள் வாங்குகிற வழக்கம் க்ராத்தனில் கிடையாது. ஃபெர்ஜானி சொன்னால் வாங்குவார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. கர்கனா தீவுக்காரர்களுக்குக் கடலுக்குள்ளும் நிலம் இருக்கிறது. இடுப்பளவுத் தண்ணீரில் பேரீச்ச மட்டைகளை வரிசையாக ஊன்றி, மீனை மெல்ல வழிநடத்திக் கூட்டுக்குள் கொண்டுசேர்க்கும் வேலி ஒவ்வொரு குடும்பத்துக்கும் உண்டு. புயல் ஒரே இரவில் அதை அடித்துக்கொண்டு போய்விடும். இலையுதிர் காலம் வந்து மறுபடி ஊன்றும்போது, போன வருடம் வேலி எங்கே நின்றது என்று யார் சொல்வது? அங்கே கல் கிடையாது, கோடு கிடையாது, தண்ணீர்தான். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட ஒருவர் கடலில் இறங்கி நின்று விரல் நீட்ட வேண்டும். பதினொரு வருடமாக அந்த விரல் ஃபெர்ஜானியுடையது. அவருக்கென்று கடலில் ஒரு சாண் பங்கும் இல்லை. அதனால் எந்தப் பக்கமும் சாயமாட்டார். அவர் காட்டிய இடத்தில் மட்டை இறங்கும். அதற்குமேல் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

அப்படிப்பட்டவர் ஒரு நாளைக்கு நாலு தடவை ஜாடியின் மூடியைத் திறந்து, நூலைப் பிடித்துக் கத்தியை வெளியே தூக்குவார். துணியால் ஒற்றுவார். கட்டைவிரலால் மடக்கி, ஒரு தட்டுத் தட்டித் திறப்பார். டக்கென்று நிற்கும்.

“தொட்டுப் பாரு. வழவழன்னு இல்ல? அதான் பூச்சு” என்பார். அக்கரை நகரமான ஸ்ஃபாக்ஸிலிருந்து சரக்கு கொண்டுவரும் மொயெஸ் சொல்லிக்கொடுத்த வாசகம் அது. ஜாடியில் போட்டு வைக்கும் யோசனையும் மொயெஸுடையதுதான். பிறகு கத்தி மறுபடி தண்ணீருக்குள் இறங்கும். ஆறு மாதத்தில் இருபத்திரண்டு பேர் அதைப் போன்றே ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடலுக்குப் போயிருந்தார்கள்.

எட்டுக் கைப் பேய்க்கணவாய் பிடிக்கும் பருவம் தொடங்கி ஒரு வாரம். செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஊர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில், பாதி இறக்கிய கதவுக்குக் கீழே குனிந்து ஜிலானி கடைக்குள் வந்தான். வலது கையில் மணிக்கட்டுவரை துணிக்கட்டு.

“கையில என்னப்பா?”

“கிளிஞ்சல் வெட்டிடுச்சுன்னு வீட்டுல சொல்லி வெச்சிருக்கேன், அண்ணே. யாரும் கேட்டா நீங்களும் அதையே சொல்லுங்க.” இடது கையால் பையிலிருந்து கறுப்புக் கத்தியை எடுத்து மேசைமேல் வைத்தான். “இதைத் திறங்க பாப்போம்.”

ஃபெர்ஜானி கட்டைவிரலால் நெம்பினார். கத்தி அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். நகம் வலித்ததுதான் மிச்சம்.

ஜிலானி கயிற்றுச் சுருளின்மேல் உட்கார்ந்து, சத்தம் உயர்த்தாமல் சொன்னான். நேற்று விடியலில் தனியாகப் போயிருக்கிறான். கடலுக்குள் ஓடும் ஆழ்வாய்க்காலின் ஓரத்தில் மண்குடுவைகளை இறக்கிக்கொண்டிருந்தான். ஒரே கயிற்றில் நூறு குடுவை. பேய்க்கணவாய் வந்து வீடென்று நினைத்துப் புகுந்துகொள்ளும் குடுவைகள். இருபது இறங்கியபோது கயிறு மணிக்கட்டில் சுருக்கு விழுந்தது. இறங்கிய குடுவைகளின் கனம் முழுவதும் அந்தச் சுருக்கில். தோள்வரை படகுக்கு வெளியே இழுபட்டான். இடது கை பைக்குள் போனது. கத்தி கிடைத்தது. பல்லால் கடித்து இழுத்தும் திறக்கவில்லை.

“அப்புறம்?”

“பக்கத்துல இருந்த குடுவையைப் படகு விளிம்புல அடிச்சு உடைச்சேன். அந்த ஓட்டால கயிறை அறுத்தேன். எவ்வளவு நேரம்னு தெரியல. சாகப்போறோம்னு கலிமா ரெண்டு தடவை சொல்லி முடிச்சேன், அது மட்டும் தெரியும்.”

மனிதன் சுட்டு வைத்த மண், மனிதன் உருக்கி வைத்த இரும்பைவிட விசுவாசமாக நின்றிருக்கிறது. ஃபெர்ஜானிக்கு அது புரிந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

“நீ பாத்து வெச்சிருக்க மாட்டே. ஈரத்தோட பையில போட்டிருப்பே.”

“ஈரம் இல்லாம கடலுக்கு எப்படிண்ணே போறது?”

“அட, இதைப் பாரு. ஆறு மாசம்.” ஜாடியைத் திறந்து நூலை இழுத்தார். கத்தி சொட்டச் சொட்ட மேலே வந்தது. தட்டினார். டக்கென்று திறந்தது. “அதே பெட்டி. அதே கத்தி.”

ஜிலானி அதை வாங்கிப் பார்த்தான். விரல்களை ஒன்றோடொன்று தேய்த்தான். பிறகு மூக்கருகில் கொண்டுபோனான்.

“அண்ணே, இது எண்ணெய்.”

“பூச்சோட வழவழப்புப்பா அது.”

“உங்க கடையில எல்லாமே எண்ணெய் வாசம்தான், உங்களுக்குத் தெரியாது. மோந்து பாருங்க. இது ஒலிவ எண்ணெய். கொஞ்சம் ரொட்டி குடுத்தா தொட்டுச் சாப்பிடுவேன்.”

ஃபெர்ஜானி ஜாடியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஆறு மாதமாக மேலிருந்து மட்டுமே பார்த்த ஜாடி. பக்கவாட்டில் பார்த்தபோது, தண்ணீரின் மேல்மட்டத்தில் நகக்கனத்துக்கு ஒரு மஞ்சள் ஏடு தெரிந்தது.

ஜிலானி எழுந்தான். “யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். சனிக்கிழமை நீங்க எனக்கும் பக்கத்து வேலிக்கார மப்ரூக்குக்கும் வேலி காட்டுறதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. மத்தவங்க கையிலயும் இது இருக்கு, அதான் மனசு கேக்கல.” மறுபடி கதவுக்கடியில் குனிந்து, கடைக்குப் பின்புறமாக மணலில் இறங்கிப் போனான். வந்த வழியும் அதுதான். கடைத்தெரு வழியாக வந்திருந்தால் நாலு பேர் பார்த்திருப்பார்கள்.

சாயங்காலம் வீட்டில் ஷெத்லியா சமையலறையில் மிளகாய் விழுதை, அவர்கள் ஹரீஸா என்று சொல்வதை, பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்தாள். மேலே எண்ணெய் ஊற்றி மூடினாள். மனைவியின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார் ஃபெர்ஜானி.

“எதுக்கு எண்ணெய் ஊத்துற?”

“முப்பது வருஷம் தின்னுட்டு இப்ப கேக்குறீங்களா? ஊத்தலேன்னா காத்துப் பட்டுப் பூசணம் பிடிச்சுடும்.”

“கடை ஜாடியில ஊத்தினியா?”

“ஊத்தினேனே. நீங்க கொண்டுவந்து வெச்ச மறுநாளே தண்ணி நாறிச்சு. ஒரு கரண்டி விட்டேன். அப்பப்போ குறைஞ்சா இன்னும் கொஞ்சம்.” அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடியைக் கீழே வைத்தாள். “ஏன், என்ன ஆச்சு?”

அவர் சொன்னார்.

அன்றே இரண்டு தேநீர்க் குவளைகளில் கடல்நீர் எடுத்துவந்து, ஒவ்வொன்றிலும் ஒரு புது ஆணியைப் போட்டார்கள். ஒன்றில் ஷெத்லியா வழக்கம்போல ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றினாள். இரண்டையும் சன்னல் விளிம்பில் வைத்தார்கள்.

வியாழக்கிழமை விடியற்காலை சுப்ஹு தொழுகை முடிந்து வந்து பார்த்தபோது, வெறும் தண்ணீரில் கிடந்த ஆணி சிவந்து, அதைச் சுற்றிப் புகைபோல ஒரு செம்மண் நிறம் எழும்பியிருந்தது. எண்ணெய்க்குக் கீழே கிடந்த ஆணி கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். அந்த மஞ்சள் ஏட்டின்மேல் காலை வெயில் விழுந்து, சுவரில் ஒரு வட்டம் நடுங்கியது.

ஃபெர்ஜானி குவளையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய வாழ்க்கை முழுக்கக் கடலோரத்தில்தான் போயிற்று. நங்கூரத்தை, சங்கிலியை, ஏன் பள்ளிவாசல் கதவின் கீலைக்கூட உப்புத் தின்பதைப் பார்த்திருக்கிறார். எதுவும் அதைத் தடுத்து அவர் பார்த்ததில்லை. அந்த உப்பை, ஒரு பெண்ணின் கைப்பழக்கத்தில் ஊற்றிய ஒரு கரண்டி எண்ணெய் வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. அதுவும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல். தங்க எழுத்து இல்லை, படம் இல்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை அவரே கத்தியை அந்த எண்ணெய்க்குள் முக்கி எடுத்திருக்கிறார்; கீலுக்குள்ளும் இறங்கட்டும் என்று மடக்கித் திறந்திருக்கிறார்; பிறகு பூச்சின் மகிமை என்று பெருமை பேசியிருக்கிறார்.

“ஸுப்ஹானல்லாஹ்” என்றார், தனக்கே கேட்காத குரலில்.

ஜிலானியின் கத்தியை இடுக்கியால் பிளந்து பார்த்தார். கறுப்புப் பூச்சு அலகின் இரண்டு முகத்தில் மட்டும் இருந்தது. தீட்டிய விளிம்பில் இல்லை. கீலின் துளைக்குள் இல்லை. உள்ளே சுருண்டிருந்த வில்லில் இல்லை. அங்கெல்லாம் துரு கெட்டியாக உறைந்து கிடந்தது. முகத்திலும் பூச்சு கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் நெருடினால் அடியில் செம்பொடி. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு மட்டும் கறுப்பு அப்படியே பளபளத்தது.

மொயெஸைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“அண்ணே, பூச்சு துருப்பிடிக்காதுன்னுதானே சொன்னோம்” என்றான் மொயெஸ். “பூச்சு துருப்பிடிச்சுச்சா? இல்லையே. இரும்புதான் பிடிச்சிருக்கு.”

“இரும்பு பிடிக்கக் கூடாதுன்னுதானப்பா பூச்சே வாங்குறான்.”

“பெட்டி மூடிக்கு உள்பக்கம் மடிச்சுப் பாருங்க. எழுதியிருக்கு.”

பார்த்தார். எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் இருந்தது: உப்புநீரில் பயன்படுத்தினால் கழுவித் துடைக்கவும், கீலில் எண்ணெய் விடவும்.

“இதை நீ எனக்குச் சொல்லலியே.”

“நீங்க கேக்கலியேண்ணே. ஜாடியில இருந்தது நம்ம கத்தி. ஆறு மாசம் இருந்தது. துருப்பிடிக்கல. நீங்க அட்டையில எழுதினதுல எது பொய், சொல்லுங்க? எதுவும் பொய் இல்ல. சும்மா இருங்க.”

போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி அறைக்குள்ளேயே நின்றது. அட்டையில் எழுதியது ஒவ்வொன்றும் உண்மைதான். உண்மைகளை வரிசையாக அடுக்கியே ஒருவனைக் கடலில் தள்ள முடியும் என்பது ஃபெர்ஜானிக்கு இந்த வயதில்தான் தெரிந்தது.

சும்மா இருந்துவிடலாம். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, வேறு கத்தி வந்திருக்கிறது, மாற்றிக்கொள் என்று காரணம் சொல்லாமல் மாற்றலாம். ஆனால் சனிக்கிழமை விடியலில் ஊரில் முக்கால்வாசிப் பேர் ஆழ்வாய்க்காலுக்குப் போகிறார்கள். அதற்குள் எல்லோரையும் பிடிக்க முடியாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் மட்டும்தான் அத்தனை பேரும் ஓரிடத்தில் இருப்பார்கள். அங்கே எழுந்து நின்று, கண்ணெதிரே இருந்த ஜாடியை ஆறு மாதம் பார்க்கத் தெரியாதவன் நான் என்று சொன்ன பிறகு, மறுநாள் கடலில் இந்த விரலை யார் நம்புவார்கள்? அவரிடம் இருந்தது அந்த ஒரு விரல்தான்.

“நீங்க போகும்போது குவளை ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க” என்றாள் ஷெத்லியா. போவதா வேண்டாமா என்று அவள் கேட்கவே இல்லை. “எண்ணெய் ஊத்தினது நான்னும் சொல்லுங்க. உங்க ஒருத்தர் தலையிலயே எல்லாம் விழ வேணாம்.”

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஆண்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, பள்ளிவாசல் படியில் ஜாடியையும் இரண்டு குவளைகளையும் வைத்துக்கொண்டு ஃபெர்ஜானி நின்றார். சொன்னார். ஜாடியை, எண்ணெயை, ஆணியை, மூடிக்குள் ஒளிந்திருந்த எழுத்தை, எல்லாவற்றையும் சொன்னார். பிளந்த கத்தியை உயரத் தூக்கிக் காட்டினார். அது யாருடையது என்பதை மட்டும் சொல்லவில்லை.

“அட்டையில என் பேரை நம்பித்தான் வாங்கினீங்க. நான் சரியாப் பாக்காம பேர் போட்டுட்டேன். நாளைக்கு இதை நம்பிக் கடலுக்குப் போகாதீங்க. கடையில மடக்காத பழைய கத்தி இருக்கு, எல்லாருக்கும் மாத்தித் தர்றேன்.”

கடற்பறவை ஒன்று மினாரத்தின்மேல் உட்கார்ந்து கத்தியது.

முன்வரிசையில் நின்ற மப்ரூக், ஃபெர்ஜானியின் வயதுக்காரர், தாடியைச் சொறிந்தார். “உப்புத் தண்ணி, ஒலிவ எண்ணெய், பக்கத்துல ஒரு கத்தி. ஆறு மாசமா ஒரு தக்காளி மட்டும் இல்லாம சாலட் வெச்சுக் காட்டியிருக்கான்டா நமக்கு.”

சிரிப்பு வெடித்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “வாயைப் பொத்து மப்ரூக், முதல்ல உன் கத்தியைத் திற” என்றது.

மப்ரூக் சிரித்துக்கொண்டே பையிலிருந்து எடுத்தார். நெம்பினார். சிரிப்பு மெல்ல அடங்கியது. இன்னொருவன் எடுத்தான். அவனுடையது பாதியில் நின்றது. மூன்றாமவனுடையது நெறுநெறுவென்று அரைத்துக்கொண்டு திறந்தது. படிகளில் ஒவ்வொரு கையாகக் கறுப்புக் கத்திகள் வெளியே வந்தன. பல கத்திகள் திறக்கவே இல்லை. எத்தனை விடியல்களில் இவற்றைத் தொட்டுப் பார்த்து, இருக்கிறது என்ற தைரியத்தில் ஆழத்துக்குப் போயிருக்கிறோம் என்பது ஒவ்வொருவர் முகத்திலும் எழுதியிருந்தது. யாரோ “அல்ஹம்துலில்லாஹ்” என்றார்கள். அந்தச் சொல் வாய்விட்டு வாய் மாறி, வாசல்வரை போய்த் திரும்பி வந்தது.

பெண்கள் பக்கத்து வாசலிலிருந்து ஷெத்லியா எண்ணெய்ப் பாட்டிலோடு வந்தாள். எவரையும் கேட்காமல் மப்ரூக்கின் கையிலிருந்த கத்தியை வாங்கி, கீலில் ஒரு சொட்டு விட்டாள். காத்திருந்தாள். இன்னொரு சொட்டு. ஃபெர்ஜானி வாங்கி, அசைத்து அசைத்து நெம்பினார். முதலில் செந்நீர்போல ஒன்று கசிந்தது. பிறகு, முரண்டு பிடித்த குழந்தை கை விரிப்பதுபோல, அலகு தானாக மெல்ல வெளியே வந்தது. படியில் நின்ற அத்தனை பேரும் மூச்சுவிடாமல் அதையே பார்த்தார்கள். உலகத்தில் கத்தி திறப்பதை அவர்கள் அதற்குமுன் பார்த்ததே இல்லை என்பதுபோல.

மாலைவரை கடையில் கூட்டம். சிலர் மாற்றிக்கொண்டார்கள். சிலர் “எண்ணெய் விட்டு வெச்சுக்கிறோம், பழகிடுச்சு” என்று எடுத்துப்போனார்கள். கடைசியாக வந்தவன் ஜிலானி.

“எனக்கு அந்த ஜாடிக் கத்தியைக் குடுங்கண்ணே. ஆறு மாசம் எண்ணெய் குடிச்சு வளந்தது. நம்ம ஊருப் பிள்ளை மாதிரி.”

ஃபெர்ஜானி நூலை அறுத்துக் கொடுத்தார். ஜிலானியின் கட்டுப்போட்ட கையை ஒரு நிமிடம் தன் இரு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

கதவை இறக்கும்போது மப்ரூக் வந்து நின்றார்.

“காலையில கடலுக்கு வா. வேலி காட்டணும்.”

“இன்னுமா நான்?” என்றார் ஃபெர்ஜானி. “வேற யாரையாவது…”

“வேற யாரு? பாத்தது தப்புன்னா பள்ளிவாசல் படியில நின்னு சொல்ற ஆளு வேற யாராவது இருந்தா கூட்டிட்டு வா, அவனைக் கேக்குறேன்.” போகும்போது திரும்பிப் பார்த்தார். “ஆனா ஜாடியைக் கொண்டுவராதே.”

சனிக்கிழமை. கடல் விரித்துப் போட்ட பட்டுபோலக் கிடந்தது. மப்ரூக் ஒரு பக்கம், ஜிலானி மறுபக்கம், நடுவில் ஃபெர்ஜானி, மூவரும் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தார்கள். நாலாபுறமும் ஒரே நீலம். ஓர் அடையாளமும் இல்லை. கரையில் தெரியும் ஒற்றைப் பேரீச்ச மரத்தையும், பள்ளிவாசல் முனையையும், காலடியில் கடற்புல் முடிந்து மணல் தொடங்கும் இடத்தையும் அவர் நிதானமாகப் பார்த்தார். இந்தமுறை ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்தார். குனிந்து கையால் மணலைத் துழாவினார். பழைய மட்டையின் அழுகிய அடிக்கட்டை ஒன்று விரலில் தட்டுப்பட்டது.

நிமிர்ந்து கையை நீட்டினார். உப்பு சொட்டும் அந்த விரல் ஓர் இடத்தில் நின்றது. ஜிலானி அங்கே மட்டையை ஊன்றினான். மப்ரூக் அதன் மேல்முனையைப் பிடித்துக்கொண்டார்.